உள்தாழ்ப்பாள்

இன்று காலை எழுந்ததும் வலது கை விரல்களை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை இல்லை. முப்பத்தேழு நாளாக ஒரு நாள் தவறாமல் கட்டைவிரலில் இருந்த வாசனை இன்று இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை. நீங்கள் இறந்த அன்றுகூட இவ்வளவு தனியாக இருப்பதுபோல எனக்குத் தோன்றியதில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். உயிரோடு இருந்தவரை அது உங்களால் முடியாத காரியம். இப்போதாவது முடிகிறதா பார்ப்போம்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அதில் பெரும்பகுதி இந்தக் கீழ்க்கட்டளை வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். பயமெல்லாம் இல்லை. விடிவதற்குள் தலைக்கு மேலே முதல் விமானம் போகும், ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிரும், தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கும். இரவு கதவைச் சாத்திச் சாவி போட்டுப் பூட்டுவேன். உள்தாழ்ப்பாள் மட்டும் போட மாட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. நம் பையனுக்குக்கூட நாம் சொன்னதில்லை.

முப்பத்தெட்டு நாளுக்கு முன்னால் அருள் ஒரு பெட்டியோடு வந்து நின்றான். "கொஞ்ச நாள் இங்க இருக்கேம்மா" என்றான். நிஷாவுக்கும் அவனுக்கும் சண்டை. என்ன சண்டை என்று இருவருமே சொல்லவில்லை. அவள் குன்றத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போன மறுநாளே இவன் ஃபிளாட் கதவின் நம்பரை மாற்றிவிட்டான். பெரும்பாக்கத்தில் அந்தக் கதவுக்குச் சாவி கிடையாது, உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு எண்களை அழுத்தினால் திறக்கும். நீங்கள் மூன்று முறை தப்பாக அழுத்தி, அது கத்த ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்களே, அந்தக் கதவு.

"அவளாத்தானே போனா. வரணும்னா என்னைக் கேட்டுட்டு வரட்டும்" என்றான்.

"அந்த நம்பரைப் பழையபடி வைடா" என்றேன்.

"இது எங்க விஷயம்மா. நீ உள்ள வராத."

தினமும் ஒருமுறை சொன்னேன். தினமும் அதே பதில். ஐந்து வருஷக் கல்யாணம் நான்கு எண்களில் தொங்கிக்கொண்டிருந்தது. மகனின் முகம் நாளுக்கு நாள் என் அப்பாவின் முகம்போல ஆகிக்கொண்டு வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அதே மாதிரி தாடையை இறுக்கிக்கொள்கிறான். அவரை இவன் நேரில் பார்த்ததே இல்லை.

வந்த முதல் நாள் தூங்கப் போகும்முன் கதவைப் பூட்டிவிட்டு உள்தாழ்ப்பாளையும் இழுத்துப் போட்டான். வேண்டாம் என்றேன். "காலம் கெட்டுக் கெடக்கும்மா. தெனம் ஒரு செயின் பறிப்பு நியூஸ் வருது. தாப்பா கூடப் போடாம எப்படி இருந்த நீ?" என்று சிரித்தான். பித்தளை போய்க் குழியில் விழுந்தது. டக்.

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது கிழக்குத் தாம்பரத்தில், என் அப்பா வீட்டு வாசலில். ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் கம்பெனி நண்பர்கள் வாங்கி வந்த மாலையோடு நேராக அங்கேதான் போனோம். அப்பா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், உங்களைப் பார்க்கவே இல்லை. ஞாயிறுதோறும் சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற தலைமையாசிரியர், ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. கதவைச் சாத்தினார். பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. அங்கிருந்து படப்பைக்கு உங்கள் வீட்டுக்குப் போனோம். அங்கே உங்கள் அம்மா, முன்வாசலைச் சாத்திவிட்டு ஓடிப்போய்ப் பின்வாசலுக்கும் தாழ்ப்பாள் போட்டார். நமக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். கல்யாணமான பிறகும் என்னை டீச்சர் என்றுதானே கூப்பிடுவீர்கள்.

"டீச்சர், நாம யார் முன்னாடியும் ஒரு சத்தியமும் பண்ணல. ரெண்டு கையெழுத்து, அவ்வளவுதான். ஒண்ணாவது பண்ணிக்கலாமா?"

நான் ஏதோ பெரிய வசனம் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"ஒருத்தர் வெளிய இருக்கறப்ப இன்னொருத்தர் உள்தாப்பா போடக் கூடாது. என்ன சண்டையா இருந்தாலும் சரி."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். மத்ததெல்லாம் நடக்கறப்ப பாத்துக்கலாம்."

சரி என்றேன். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். அதுதான் நம் திருமணம். எங்கள் சர்ச்சில் சொல்கிற வாக்கில் மரணம் பிரிக்கும்வரை என்று ஓர் எல்லை உண்டு. நம்முடையதில் எல்லையே வைக்கவில்லை. முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான், அந்த ஓட்டையை நீங்கள் போனபிறகுதான் கவனித்தேன். இப்போதும் நீங்கள் வெளியேதானே இருக்கிறீர்கள்?

இந்த வீடு கட்டியபோது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடிப்பிடித்து இந்தப் பித்தளைத் தாழ்ப்பாளை வாங்கி வந்தீர்கள். மாதம் ஒருமுறை கோழி இறகைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து அதற்குத் தடவுவீர்கள். "போடவே போடாத தாப்பாவுக்கு எதுக்குங்க எண்ணெய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாம மனுஷங்க டீச்சர். என்னைக்காவது ஒருநாள் போட்டுருவோம். தொறக்கறப்பவாவது சுலபமாத் தொறக்கணும்ல."

நீங்கள் போனபிறகு நான் அதற்கு எண்ணெய் விடவில்லை. அந்தச் சின்ன பாட்டில் மீட்டர் பெட்டியின் மேல் காய்ந்துபோய்க் கிடக்கிறது. தலைக்கு எண்ணெய் வைப்பதை நான் விட்டு வருஷக்கணக்காகிறது. சமையலுக்குக் கடலை எண்ணெய்தான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அருள் தாழ்ப்பாள் போட்ட மறுநாள் காலை நான் எழுந்தபோது என் கட்டைவிரல் வழவழவென்று இருந்தது. முகர்ந்தால் தேங்காய் எண்ணெய். கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் திறந்திருந்தது. கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

அருள் என்னைக் கோபித்துக்கொண்டான். நான் அவனைக் கோபித்துக்கொண்டேன். இருவரும் மற்றவர்தான் திறந்ததாக நினைத்தோம். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் போனதும் அவன் கோபம் மாறி, என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "நேத்து என்ன கெழமைம்மா?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்பான். கிழமையோடு சேர்த்துப் பதினேழாம் வாய்ப்பாட்டையும் சொன்னேன்.

போன வாரம் தன்னுடைய பழைய செல்போனை டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கதவைப் பார்த்துப் படம் பிடிக்க வைத்தான். காலையில் இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம்.

ஆறு பத்து. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் உங்களைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, நீங்கள் நடந்து வந்து சேரும் நேரம். படத்தில் நான் அறையிலிருந்து வருகிறேன். தள்ளாட்டம் இல்லை, தடுமாற்றம் இல்லை. கண் பாதி மூடியிருக்கிறது. முந்தானையைச் சரிசெய்துகொள்கிறேன். தாழ்ப்பாளை விலக்குகிறேன், கதவை இழுக்கிறேன். பிறகு ஒதுங்கி நிற்கிறேன், டிபன் பையோடு ஓர் ஆள் உள்ளே வர எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு விட்டு. வெளியே வாசற்படியும் குரோட்டன்ஸ் தொட்டியும் தெரிகின்றன. யாரும் இல்லை.

"பேப்பர் நனைஞ்சுதா?" என்று கேட்கிறேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பதுபோல. பிறகு தலையாட்டிச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பை நான் சிரித்துப் பல மாதம் ஆகிறது. அப்புறம் அறைக்குத் திரும்பிப் போய்விடுகிறேன்.

அருள் மூன்று முறை போட்டுப் பார்த்தான். "யார்கிட்டம்மா பேசற?" என்றான்.

"தூக்கத்துல பேசறதுக்கு ஆள் வேணுமாடா?" என்றேன். ஆனால் அவன் கவனிக்காத ஒன்றை நான் கவனித்துவிட்டேன். படத்தில் நான் தாழ்ப்பாளை மட்டும்தான் திறக்கிறேன். பூட்டைத் தொடவே இல்லை. சாவி அருளின் தலையணைக்குக் கீழே இருந்தது. கதவு இழுத்ததும் திறந்துகொள்கிறது. இந்தப் பூட்டுக்கு இரண்டு சாவிகள்தான் உண்டு, ஒன்று என்னுடையது, ஒன்று உங்களுடையது. ஆஸ்பத்திரியில் உங்கள் கைக்கடிகாரம், கண்ணாடி, சட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் சாவி இல்லை. வீடு முழுக்கத் தேடியும் இன்றுவரை கிடைக்கவில்லை.

"பேப்பர்னு ஏம்மா கேட்ட?" என்றான் அருள்.

"தெரியல" என்றேன். பொய். அவன் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான்.

உங்களுக்குத் தெரியும். நான் வாக்கை மீறிய அந்த ஒரே ஒரு காலை. இருபத்து மூன்று வருஷமாக நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இப்போது பேசிவிடுகிறேன்.

அப்பா சாகக் கிடக்கிறார் என்று என் அண்ணன் உங்கள் கம்பெனிக்கு போன் செய்தார். "அவளை வரச் சொல்லுங்க, அப்பா கேக்கறாரு" என்றார். நீங்கள் இரண்டு நாள் அதை என்னிடம் சொல்லவில்லை. மறுபடியும் அந்த வாசலில் என்னை நிற்கவைத்துக் கதவைச் சாத்தினால் நான் உடைந்துபோவேன் என்று பயந்தீர்கள், நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டீர்கள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் இன்னொரு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். அன்று அந்த வீட்டுக் கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. அப்பா என்னைக் கேட்டார், நான் போகவில்லை. அதை எந்தக் கணக்கிலும் நேர்செய்ய முடியாது.

மறுநாள் காலை நீங்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் தாழ்ப்பாளைப் போட்டேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு பத்துக்கு உங்கள் சாவி பூட்டில் திரும்பியது. கதவு அசையவில்லை. ஒரே ஒருமுறை தள்ளினீர்கள். அவ்வளவுதான். தட்டவில்லை, கூப்பிடவில்லை. போகவும் இல்லை.

ஒன்பது வயது அருள் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "அம்மா, அப்பா வெளிய நிக்கறாரும்மா" என்றான்.

"நிக்கட்டும்."

"நனையறாரும்மா."

"போய்ப் பல் தேய்டா."

பேப்பர்காரர் சைக்கிளை நிறுத்தியது கேட்டது. "இன்னா சார், வூட்ல ஆள் இல்லியா? இப்டி நனைஞ்சிகினு நிக்கிறியே, ஒடம்பு பேஜாராப் பூடும்" என்றார். "ஆள் இருக்காங்க. நீ பேப்பர என் கையில குடு" என்றீர்கள். உங்கள் குரலில் கோபம் இருக்கிறதா என்று கதவில் காதை வைத்துக் கேட்டேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்பது மணிக்குத் திறந்தேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். உதடெல்லாம் நீலம் பாரித்து, சொட்டச் சொட்ட நின்றீர்கள். சட்டைப் பட்டனைக் கழற்றி, உள்ளே வயிற்றோடு ஒட்டி வைத்திருந்த பேப்பரை எடுத்து நீட்டினீர்கள்.

"பேப்பர் நனையல டீச்சர்."

நான் வாங்கிக்கொண்டேன். உங்கள் உடம்புச் சூடு அதில் இருந்தது. ஒதுங்கி வழி விட்டேன், நீங்கள் உள்ளே வந்தீர்கள். மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை, அழவில்லை. ரொம்ப நாள் கழித்து, எங்காவது போயிருக்கலாமே, ஏன் நின்றீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தாழ்ப்பாள் போட்டவள் நான். திறக்கும்வரை நின்று, அந்த வாக்கை இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்கள் காப்பாற்றினீர்கள் என்று பிறகு நானே புரிந்துகொண்டேன்.

நேற்று அருள் ஒரு முடிவோடு இருந்தான். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்மா. இன்னிக்கு நான் கதவ ஒட்டியே படுத்துக்கறேன்." பாயைக் கதவுக்குக் குறுக்கே விரித்தான். பூட்டைப் பூட்டி, தாழ்ப்பாளைப் போட்டு, இரண்டையும் இழுத்துப் பார்த்தான். நான் தடுக்கவில்லை. எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்று காலை எழுந்தேன், முகர்ந்தேன், வாசனை இல்லை. நீங்கள் வரவில்லை என்று நினைத்தேன். பையன் வழியை மறித்துப் படுத்திருந்ததால் திரும்பிப் போய்விட்டீர்கள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

கதவு விரியத் திறந்திருந்தது. பாயைச் சுருட்டி ஓரமாகச் சாத்தியிருந்தது. அருள் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மடியில் பேப்பர் இருந்தது.

"இன்னிக்கும் தொறந்துட்டேனாடா?" என்றேன்.

"நீ எழுந்திருக்கவே இல்லம்மா. நான்தான் தொறந்தேன்."

அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் மினுமினுவென்று இருந்தது. தேங்காய் எண்ணெய்.

"ஆறு மணி இருக்கும், முழிப்பு வந்துச்சு" என்றான். "யாரோ வெளிய நிக்கற மாதிரி இருந்துச்சும்மா. தட்டல. பெல் அடிக்கல. சும்மா நின்னாங்க. ரொம்ப நேரம்."

"பேப்பர்காரரா இருக்கும்."

"பேப்பர் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. விழுந்த சத்தம் கேட்டேன்." மடியிலிருந்த பேப்பரைத் தொட்டுக்கொண்டான். "சரி, தொறந்து பாத்துடலாம்னு தலகாணிக்குக் கீழருந்து சாவிய எடுத்தேன். பூட்டு தொறந்திருந்துச்சும்மா. நைட் நான்தானே பூட்டினேன், நீயும் பாத்தியே. தாப்பா மட்டுந்தான் பாக்கி."

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? சந்தோஷமாகவும் இருந்தது.

"தொறந்தியா?"

"தொறந்தேன். யாரும் இல்ல." தெருவைப் பார்த்தபடியே பேசினான். "அன்னிக்கு நான் ஜன்னல்கிட்டயே நின்னுட்டிருந்தேன்மா. அப்பா என்னைப் பாத்து சிரிச்சாரு. ஸ்டூல் போட்டிருந்தா தாப்பா எனக்கு எட்டியிருக்கும். நீ சொன்னேன்னு தொறக்காம இருந்துட்டேன்."

"உனக்கு அப்ப ஒன்பது வயசுடா."

"இப்ப முப்பத்திரெண்டு" என்றான்.

அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் நீங்கள் கேட்ட அந்தச் சத்தியத்தை முதல்முறையாக அவனிடம் சொன்னேன். என் அப்பா விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். உங்களை விட்டுக்கொடுத்ததாக நினைக்காதீர்கள். நீங்கள் செய்ததும் நான் செய்ததும் தெரியாமல் அந்தச் சத்தியத்தை மட்டும் அவனுக்குக் கொடுத்தால், அது பொம்மைக் கடையில் வாங்கித் தந்ததுபோல இருக்கும்.

கேட்டு முடித்ததும் செல்போனை எடுத்து எதையெதையோ அழுத்தினான். அந்தக் கதவின் நம்பரை இங்கிருந்தே மாற்றலாமாம். பிறகு நிஷாவைக் கூப்பிட்டான். காலை ஏழு மணிக்கு அவள் எடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பழைய நம்பரையே வச்சிட்டேன்" என்றான். "இல்ல, வரச் சொல்லல. சண்ட சண்டதான். நீ எப்ப வந்தாலும் தொறக்கும், அதச் சொல்லத்தான் பண்ணேன்." படியிலிருந்து எழுந்து நின்றான். "வரலன்னாலும் அதுதான் நம்பர், நிஷா."

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவன் "ம்" என்றான். இன்னொருமுறை "ம்" என்றான். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, குளித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பினான். டாக்டரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கேட்டைத் தாண்டும்போது திரும்பி, "தாப்பா போட்டுக்காதம்மா" என்றான்.

போகும்முன் அவன் பேப்பரை என்னிடம் கொடுத்தான். பேப்பர்காரர் எப்போதும் சுருட்டிக் கேட்டுக்கு உள்ளே எறிவார். இன்று அது நான்காக மடித்து வாசற்படியில் இருந்ததாம், நீங்கள் மடிப்பதுபோல. வெதுவெதுப்பாக இருந்தது. அருள் மடியில் வைத்திருந்த சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இன்னும் பிரிக்கவில்லை. இதை எழுதும் மேஜையில், என் இடது கைக்குக் கீழே இருக்கிறது. பதினோரு மணி ஆகப்போகிறது, சூடு இன்னும் ஆறவில்லை.

என்னிடம் மிச்சம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அன்றும் தீரவில்லை, உங்களை எரியூட்டிய அன்றும் தீரவில்லை, இப்போதும் இருக்கிறது. அதோடுதான் உங்களோடு இத்தனை வருஷம் வாழ்ந்தேன், நன்றாகவே வாழ்ந்தேன். இன்றிலிருந்து மறுபடி தனியாகத்தான் இருப்பேன். சாவி போட்டுப் பூட்டுவேன், உங்களிடம்தான் உங்கள் சாவி இருக்கிறதே. சாயந்திரம் கடைக்குப் போய் ஒரு சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கி வரப்போகிறேன். இனி அந்த வேலை என்னுடையது. நான் கோபமாக இருக்கிறேனே என்று வாசலிலேயே நிற்காதீர்கள். மழை மாதம் வருகிறது. உள்ளே வந்துவிடுங்கள்.